கடைமடைக்கு முதல் கூலி

வேத வாசிப்பு: மத்தேயு 20:1–16

பாபநாசத்தில் அணை திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் தலைமடைக்காரர் விதைநெல்லைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கடைமடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். அணை ஒன்று, கால்வாய் ஒன்று, செய்தியும் ஒன்று. ஆனாலும் இரண்டு பேர் காதிலும் அது ஒரே மாதிரி விழுவதில்லை.

தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று இறங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது வரிசை. முதல் ஏழும் பழையவை. கடைசி ஒன்று ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லை கால்வாய்தான் பேட்டை வழியாக டவுனுக்குள் நுழைந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கார் சாகுபடிக்கு ஜூன் 1 அன்று அணை திறப்பது வழக்கம். மழை கைகொடுத்து, அணையில் மட்டமும் இருந்தால் திறப்பார்கள். திறந்த பிறகும் தண்ணீர் மடை மடையாகத்தான் இறங்கி வரவேண்டும். வழியில் அமலைச்செடி மறிக்கும், குப்பை மறிக்கும், சில நேரம் மேல்வயல்காரரின் மண்வெட்டியும் மறிக்கும். கடைசி மடைக்கு வந்து சேரும்போது தண்ணீரும் பாதி, பொறுமையும் பாதி.

முன்னால் இருப்பவருக்கு முதலில், மீந்தது பின்னால் இருப்பவருக்கு. நாம் பழகிய வரிசை இது. பழகியதாலேயே இதை நியாயம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். இயேசு சொன்ன கதை ஒன்று இந்த வரிசையையே பிடித்துத் திருப்பிவைக்கிறது.

ஒரு திராட்சத்தோட்டக்காரர். விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய் ஆள் பிடிக்கிறார். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி முடிவாகிறது. அந்தக் காலத்தில் ஒரு கூலிக்காரர் குடும்பம் ஒரு நாள் அடுப்பெரிக்கத் தேவையான தொகை அது. காலை ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்றுக்குப் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது, ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். நீங்களும் வாருங்கள் என்கிறார்.

சூரியன் இறங்கியதும் கணக்குத் தீர்க்கிற நேரம். தோட்டக்காரர் தன் காரியக்காரனைக் கூப்பிட்டு, கடைசியாக வந்தவர்களிடமிருந்து தொடங்கி முதலில் வந்தவர்கள்வரை கூலி கொடுக்கச் சொல்கிறார். ஐந்து மணிக்கு வந்தவர் கையில் ஒரு முழுப் பணம். அதைப் பார்த்ததும் விடியற்காலையில் வந்தவர்கள் மனசுக்குள் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டிருக்கவேண்டும். அவர்கள் முறை வந்தபோது அவர்களுக்கும் அதே ஒரு பணம். முணுமுணுப்பு கிளம்பியது.

கதையின் முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடவுள் எப்படிப்பட்டவர் என்று அறிய விரும்புகிறவர்கள் முடிவுக்கு அவசரப்படாமல், அந்தத் தோட்டக்காரர் பகல் முழுக்க என்ன செய்தார் என்பதைப் பார்க்கவேண்டும்.

அவருக்கு ஒரு காரியக்காரன் இருக்கிறான். சாயங்காலம் கூலி கொடுக்க அவனைத்தான் ஏவுகிறார். அப்படியானால் ஆள் பிடிக்கவும் அவனையே அனுப்பியிருக்கலாமே? தோட்டம் வைத்திருக்கிற எந்த முதலாளி பகலில் ஐந்து முறை சந்தைக்கு நடக்கிறார்? இவர் நடக்கிறார். பணம் எண்ணிக் கொடுக்கிற வேலையை ஊழியனிடம் விட்டுவிட்டு, ஆளைத் தேடிப் போகிற வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். விலக்கப்பட்ட கனியைத் தின்றுவிட்டு ஆதாமும் ஏவாளும் மரங்களுக்கு நடுவே ஒளிந்தபோது, எங்கே இருக்கிறாய் என்று கேட்டு வந்தவர் ஒரு தூதனை அனுப்பவில்லை, தாமே வந்தார். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் முதல் இந்த உவமைவரை தேவனுடைய குணம் மாறவில்லை.

அவர் உண்மையிலேயே தோட்டத்து வேலைக்காகத்தான் ஆள் தேடினாரா என்பதும் யோசிக்கவேண்டியது. ஐந்து மணிக்கு வருகிற ஆள் கூடையைத் தேடி எடுத்து, கொடி எது என்று பார்த்து, நாலு குலை அறுப்பதற்குள் இருட்டிவிடும். லாபக் கணக்குப் பார்க்கிறவர் அந்த நேரத்தில் ஆள் எடுக்கமாட்டார். தோட்டத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதைவிட, அவர்களுக்கு ஒரு தோட்டம் தேவைப்பட்டது என்று சொல்வதே பொருந்தும்.

சந்தைவெளியில் ஐந்து மணிவரை நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடுகிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. சோம்பேறி மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்பான். காலையில் வாட்டசாட்டமான ஆட்களைப் பொறுக்கி எடுத்துப் போனபோது விடப்பட்டவர்கள் இவர்கள். ஒன்பது மணிக்கும் விடப்பட்டார்கள், பன்னிரண்டுக்கும் விடப்பட்டார்கள். வயதானவராக இருக்கலாம், கால் ஊனமானவராக இருக்கலாம், ஊருக்குப் புதியவராக இருக்கலாம். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முகம் இல்லாமல் நிற்கிறார்கள். வேலை செய்தவர்களுக்கு வெயிலின் கொடுமை மட்டும்தான். நின்றவர்களுக்கு வெயிலும் உண்டு, யாருக்கும் வேண்டாதவனாய்ப் போனோமே என்ற வேதனையும் உண்டு. அந்தக் காத்திருப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. தோட்டக்காரரின் கணக்கில் இருந்தது.

நம் திருநெல்வேலிச் சபையின் சரித்திரமே அப்படிக் காத்து நின்ற ஒருவரோடுதான் தொடங்குகிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பேட்டையிலிருந்து டவுனையும் ஜங்ஷனையும் கடந்து ஆற்றுக்கு அக்கரை போனால் பாளையங்கோட்டை. அங்கே ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று சொல்கிற பழைய சிற்றாலயம் ஒன்று உண்டு. அதைக் கட்டியவர் குளோரிந்தா அம்மையார். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தவர். இயேசுவைப் பற்றி அறிந்ததும் அவர் மூலமாகத்தான். ஞானஸ்நானம் வேண்டும் என்று அம்மையார் கேட்டபோது, தஞ்சாவூர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். திருமணம் ஆகாமல் ஓர் ஆணோடு வாழ்கிற பெண்ணுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது சபை ஒழுங்குக்கு ஏற்றதல்ல என்பது அவர் எண்ணம்.

சுவார்ட்ஸ் கல்நெஞ்சர் அல்ல. ராஜாக்களும் ஏழைகளும் ஒருசேர நம்பிய மனிதர். அவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அம்மையார் பக்கம் நின்று பார்த்தால்? பிறந்த குலத்துக்கு அவர் வெளியே போய்விட்டார். ஆங்கிலேயர் வட்டாரத்திலும் உரிமையான இடம் இல்லை. மூன்றாவதாகப் போய்த் தட்டிய கதவும் திறக்கவில்லை. சந்தைவெளியில் மூன்று மணியாகியும் யாரும் கூப்பிடாமல் நின்றவரைப் போல அவர் நின்றார். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை.

லிட்டில்டன் இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். 1785இல் அந்தச் சிற்றாலயம் எழும்பி நின்றது. சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை அவர் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த ஆண்டில்தான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடித் தீராத வேதநாயகம் சாஸ்திரியார் அந்தச் சிறுவன்தான். 1790இல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்று இந்தப் பகுதிக்கு ஊழியராக வந்தார். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாயிற்று. இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தேரிக்காட்டு ஓரம்வரை கோபுரம் தெரிகிற ஆலயங்களின் வரலாற்றை மேலே மேலே தேடிப் போனால், சபை ஒருகாலத்தில் வாசலில் நிறுத்திவைத்த ஒரு பெண்ணிடம் போய் நிற்கும்.

எத்தியோப்பிய மந்திரியின் கேள்வி ஞாபகம் வருகிறதா? வழியில் தண்ணீரைக் கண்டதும், நான் ஞானஸ்நானம் பெறுவதற்குத் தடை என்ன என்று பிலிப்புவிடம் கேட்டான் (அப்போஸ்தலர் 8:36). அண்ணகனான அவனுக்கு நியாயப்பிரமாணத்தில் தடை இருந்தது (உபாகமம் 23:1). ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு ஏசாயாவின் வாக்கும் இருந்தது: தம்மைப் பற்றிக்கொள்கிற அண்ணகர்களுக்குப் பிள்ளைகளைவிட மேலான ஒரு பெயரைத் தம் ஆலயத்துக்குள் கொடுப்பேன் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார் (ஏசாயா 56:3–5). தடையை வாசிப்பதோடு நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். தேவன் அடுத்த பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும், அந்த ஏழை அதையே நம்பியிருக்கிறான் என்பது மோசே கொடுத்த சட்டம் (உபாகமம் 24:15). தோட்டக்காரர் சட்டத்தின்படிதான் செய்கிறார். வரிசையில்தான் புதுமை. அவர் காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. பேசின கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐந்து மணிக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதே தெரிந்திருக்காது. அவரோ, முதலில் வந்தவர்களைக் கடைசிவரை நிற்கவைத்து, பார்க்கவைக்கிறார். சத்தமில்லாமல் தருமம் செய்திருக்கலாம். தம் நல்மனசு எப்படிப்பட்டது என்பதைத் தம்முடைய பழைய வேலைக்காரர்களும் அறியவேண்டும் என்று விரும்பினார். சந்தைவெளியிலிருந்து கூப்பிட்டது போலவே இதுவும் ஓர் அழைப்பு. வேலைக்கு வந்தவர்களை, முதலாளியின் மனசைப் புரிந்துகொள்ள வாருங்கள் என்று கூப்பிடுகிறார்.

அவர்கள் சொன்ன குற்றச்சாட்டை நிதானமாகக் கேட்கவேண்டும். எங்களுக்குக் குறைத்துக் கொடுத்தீர் என்று அவர்கள் சொல்லவில்லை. குறையவும் இல்லை. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்கிறார்கள். வலி அங்கேதான். பணத்தில் நஷ்டம் இல்லை. சமம் என்றதில் நஷ்டம் வந்துவிட்டது.

இந்த வலி நம் சீமைக்கு அந்நியம் அல்ல. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி நடத்தினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். வேதபாடத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பந்தியை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாணவர்கள் வெளியேறவும் செய்தார்கள். பசிக்குச் சோறு இருந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர்தான் பிரச்சினை.

சாதியோடு இந்த வலி முடிந்துவிடுவதும் இல்லை. அனுப்பிய சபைக்கும் பிறந்த சபைக்கும் இடையிலும் அது இருந்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேச எழுந்தார். மேற்கத்திய நாடுகளின் பிரதிநிதிகளால் நிறைந்த கூட்டம். ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மிஷனெரிகள் செய்த தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அதற்கு நன்றி சொன்னார். ஆனால் உங்கள் உழைப்பும் உயிரும் எங்களுக்குக் கிடைத்தன, இனி உங்கள் நட்பைத் தாருங்கள் என்ற கருத்தில் வேண்டுகோள் வைத்தார். பகலின் பாரத்தையும் வெயிலையும் சுமந்தவர்களிடம், பின்னால் வந்தவர்களைச் சமமாகப் பாருங்கள் என்று கேட்டது அந்தப் பேச்சு. சிலருக்கு அது உறுத்தியது. இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அசரியாவும் தன் முறை வருமட்டும் கைகட்டி நின்றவர் அல்ல. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதற்கு முன்நின்றவர்களில் அவர் ஒருவர். சொந்த மண்ணின் காணிக்கை, சொந்த மண்ணின் ஊழியர்கள், சொந்த மண்ணின் நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்; 1909இல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே போனார். நேற்று சுவிசேஷத்தைப் பெற்றுக்கொண்ட சீமை, இன்று வேறொரு சீமையின் சந்தைவெளிக்கு ஆள் தேடிப் போனது. கடைசியில் வந்து முழுக்கூலி வாங்கியவர்கள் செய்யவேண்டியதும் அதுதான்.

கால்வாயோடு ஒப்பிட்டுத் தொடங்கினோம். அந்த ஒப்பீடு எங்கே உதவாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கால்வாயில் ஓடுவது அளந்த தண்ணீர். கடைமடைக்குக் கூடுதலாக விட்டால் தலைமடைக்குக் குறையும். அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம், முறை தப்பினால் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. தேவனுடைய கிருபைக்கு இந்தக் கணக்குச் செல்லாது. ஐந்து மணிக்காரருக்குக் கொடுத்த பணம் காலையில் வந்தவரின் மடியிலிருந்து எடுத்ததல்ல. அவருக்குப் பேசினது பேசினபடி வந்துசேர்ந்தது. ஆகவே மற்றவரின் ஆசீர்வாதத்தைக் கண்டு மனம் கசக்கிறபோதெல்லாம் நாம் செய்கிற தவறு ஒன்றுதான்: வற்றாதவரை வாய்க்கால் என்று நினைத்துவிடுகிறோம்.

வேதம் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. வனாந்தரத்தில் மன்னா பொறுக்கினபோது அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை (யாத்திராகமம் 16:18). தாவீது அமலேக்கியரைத் துரத்திப் போனபோது களைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றங்கரையில் தங்கிவிட்டார்கள். ஜெயித்துத் திரும்பியவர்களில் சிலர், கூட வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது என்றார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சுகளைக் காத்திருந்தவனுக்கும் ஒரே பங்கு என்றார். அது இஸ்ரவேலில் சட்டமாகவே நிலைத்தது (1 சாமுவேல் 30:24–25). இது கர்த்தர் நமக்குத் தந்தது என்பதே தாவீது சொன்ன காரணம். நாம் சம்பாதித்தது என்று நினைத்தால் பங்குபோட மனம் வராது. கிடைத்தது என்று தெரிந்தால் கை தானாக விரியும்.

பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு இந்த உவமையை விளக்கவேண்டியதில்லை. அவர்கள் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளில் சுற்றினது பாதி என்றால் கூலியும் பாதி. கணக்குப்படி அது சரி. ஆனால் அன்றைக்குத்தான் செலவு இரட்டிப்பு. ஒரு மணி நேரம் உழைத்தவனின் வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பசி முழுசாகத்தான் இருக்கும் என்பது அந்தத் தோட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். கூலியைக் கொடுக்காமல் பிடித்துவைக்கிறவர்களுக்கு எதிராகக் கூலிக்காரரின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறது என்று யாக்கோபு எழுதியதும் (யாக்கோபு 5:4) இதே தேவனைப் பற்றித்தான். பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமைதானே என்று நம் வீட்டில் வேலை செய்கிறவரின் சம்பளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட இந்தப் பகுதியில் இடமே இல்லை.

இன்று இந்த வசனங்களை வாசிக்கிற நம்மில் பெரும்பாலோர் ஐந்து மணிக்கு வந்தவர்கள் அல்ல. ஞாயிறுப் பள்ளியில் வளர்ந்தவர்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசனத்துக்கும் வெளியூரிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள். “நாங்க நாலு தலைமுறையா கிறிஸ்தவங்க”, “எங்க தாத்தா உபதேசியார்” என்று சொல்லிக்கொள்ளக் காரணம் உள்ளவர்கள். அது நல்ல சுதந்தரம், நன்றியோடு சொல்லலாம். ஆனால் அதே வாய், “நேத்து வந்தவருக்குச் சேகரக் கமிட்டியில இடமா?” என்று கேட்கும்போது நாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்துபோகிறது. அசனப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரிடம், நீ எத்தனை படி அரிசி கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எல்லா இலைக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. அசனத்தில் பழகின ஒழுங்கைக் கமிட்டி அறைக்குள் கொண்டுபோக மட்டும் ஏனோ நமக்குக் கால் வருவதில்லை.

இந்த உவமையை இயேசு சொன்ன சந்தர்ப்பமும் அதுதான். எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்டார் (மத்தேயு 19:27). ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நூறத்தனையாய்க் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இந்தக் கதையைச் சொன்னார். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் செபதேயுவின் மனைவி தன் இரண்டு மகன்களுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டு வந்து நிற்கிறாள் (மத்தேயு 20:20–21). கதையைக் கேட்ட காதிலேயே முதலிடத்தின் ஆசை இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. சீஷர்களுக்கே அப்படி என்றால் நமக்கு ஒருநாள் தியானத்தில் தீர்ந்துவிடாது. அதைத் தீர்க்க இயேசு வேறொரு காரியம் செய்தார். அந்த வலப்பக்கமும் இடப்பக்கமும் கடைசியில் இரண்டு கள்வர்களுக்குப் போயின. அவர்களில் ஒருவன், வேலை செய்ய ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லாதவன், அன்றைக்கே முழுக்கூலி வாங்கினான் (லூக்கா 23:43).

முணுமுணுத்தவனை அந்தத் தோட்டக்காரர் எப்படி நடத்தினார் என்பதையும் விட்டுவிடக்கூடாது. வெளியே போ என்று சொல்லவில்லை. சிநேகிதனே என்று கூப்பிட்டு, உனக்கு நான் அநியாயம் செய்யவில்லையே என்று பொறுமையாக விளக்குகிறார். நான் தயாளனாக இருப்பது உன் கண்ணுக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்கிறார். கதை அந்தக் கேள்வியோடு முடிகிறது. அவன் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை. ஐந்து மணிக்காரருக்கு இரங்கியவர் விடியற்காலையில் வந்தவருக்கும் இரங்குகிறார். சந்தைவெளியில் நிற்கிறவரைத் தேடிப் போகிற அதே தேவன், தோட்டத்துக்குள்ளேயே நின்று கசந்துபோகிறவனிடமும் வந்து பேசுகிறார்.

ஒருவேளை நீங்கள் இன்று கடைமடையில் நிற்கிறவராக இருக்கலாம். கூடப் படித்தவர்களுக்கு வேலை கிடைத்து, தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, உங்கள் காரியம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கலாம். சபையிலேயே உங்களை யாரும் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். நின்ற இடத்தை விட்டுப் போய்விடாதீர்கள். மணி ஐந்தானபின்பும் சந்தைவெளிக்கு நடந்து வருகிறவர் அவர்.

ஒருவேளை நீங்கள் தலைமடையில் இருக்கிறவராக இருக்கலாம். உங்கள் பங்கில் ஒரு காசும் குறையாது. முணுமுணுப்பதை விட்டு, அவரோடு சந்தைவெளிக்குப் போய்ப் பாருங்கள்.

ஜெபம்

எங்கள் பரம தகப்பனே, நாங்கள் தேடுமுன்னே எங்களைத் தேடி வந்தீர், உமக்கு நன்றி. முன்னால் வந்தோம் என்ற பெருமையை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். பின்னால் வந்தவர் எங்களோடு சமமாக உட்காரும்போது எங்கள் முகம் வாடாதபடி காத்துக்கொள்ளும். கூப்பிட ஆள் இல்லாமல் இன்று காத்து நிற்கிறவர்களுக்கு நீரே போய்க் கை கொடும். எங்கள் கையில் இருக்கிற பிறருடைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கிற மனசைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

இன்றைய செயல்

இன்று நீங்கள் கொடுக்கவேண்டிய கூலியோ கடனோ ஏதாவது இருந்தால், சிறிய தொகையிலிருந்து தொடங்கி, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வருகிற ஞாயிறு ஆலயத்தில் வழக்கமான உங்கள் இடத்தில் உட்காருமுன், கடைசி பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பெயர் கேளுங்கள்.